விலகுவெளி

வேங்கை மோட்டார் சைக்கிள் எத்தனையாவது உதையில் கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை நாலாவது உதையில் கிளம்பியது. புதன்கிழமை பதிமூன்று. இன்று ஏழாவது உதையில் ஒரு முறை இருமிவிட்டு அணைந்தது. எட்டாவதில் சட்டென்று பிடித்துக்கொண்டு, குறிச்சியின் அந்தச் சின்ன வீதி முழுக்கப் புகையைக் கக்கியது. பூங்கோதைக்குத் திருப்தி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

வாசலில் பல்துலக்கியோடு நின்ற அவள் கணவர் குழந்தைவேலின் முகம் சொத்தைப்பல் வலிக்காரர் முகம் மாதிரி சுருங்கியது.

"மூணு அடிக்கு ஒருக்கா மிஸ்ஸாகுது புள்ள. நான் என்ன சொல்றேன்னா, அந்தக் கார்புரேட்டர் ஜெட்டை மட்டும்..."

"கழட்டி ஊதிட்டாப் போதும், அஞ்சு நிமிச வேலைம்பீங்க. வேண்டாம்."

"செயினாச்சும்..."

"டைட் வெச்சுத் தாரேன்னு சொல்லப் போறீங்க. அதுவும் வேண்டாம். நான் இல்லாதப்ப வண்டியத் தொட்டீங்க, அப்புறம் எனக்குப் பொல்லாத கோபம் வரும் மாமா, சொல்லிப்போட்டேன்."

கல்யாணமாகிப் பதினேழு வருடம். குழந்தைவேல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்துக் கொடுப்பது பூங்கோதையின் வழக்கம். பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. பாதி பேசினால் போதும் என்பது ஒரு விதத்தில் அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது.

அவருடைய வேலை அப்படிப்பட்டது. கணபதியில் ஒரு பம்பு தொழிற்சாலையில் சத்தச் சோதனை. பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு பம்பையும் ஒரு நிமிடம் ஓட விடுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உணர்கருவிகள் எல்லாம் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும், 'மனிதச் செவி கேட்டது' என்ற முத்திரை இல்லாத பம்பை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவதில்லை. நாலு பம்பு தள்ளி ஒரு பேரிங் லேசாக உரசினால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் தினமும் காலையில் வேங்கையின் சத்தத்தைக் கேட்டபடி இட்லி சாப்பிட வேண்டியிருந்தது. பாவம்தான், ஆனால் அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

பூங்கோதை பொள்ளாச்சி சாலையில் ஏறினாள். டேங்கின் மேல் பதித்திருந்த சிறிய திரையில் 11 என்ற எண் பச்சையாக எரிந்தது.

சாலையில் ஆள் ஓட்டாமல் தாமே ஓடும் தன்னோட்டிகள் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில் ஓடிக்கொண்டிருந்தன. ஆள் ஏறியவை, பால் ஏறியவை, செங்கல் ஏறியவை, எல்லாம் ஒரே வேகம். வேங்கை உள்ளே நுழைந்ததும், எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்புச் சொட்டு விழுந்த மாதிரி அந்தக் கூட்டம் விலகியது. முன்னால் பதினொரு மீட்டர், பின்னால் பதினொரு மீட்டர், பக்கவாட்டிலும் சாலை இடம் தந்தவரை. அவள் வேகத்தைக் கூட்டினால் அந்த வெற்றிடமும் அவளோடு கூடவே ஓடியது. அவள் பின்னால், அந்த வெற்றிடத்துக்குள் ஒட்டிக்கொண்டு அவளையே தொடரும்படி அமைத்த ஒரு வெள்ளை வேன் வந்தது. சுந்தராபுரத்தில் ஒருவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. வேனில் மருந்து இருந்தது. ஒன்பது நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

இதுதான் அவள் தொழில். சர்க்கார் ஏட்டில் 'முன்னோடும் ஆளோட்டி' என்று பெயர். ஊரில் வழிக்காரி என்பார்கள். கோவை மாவட்டத்தில் மொத்தம் பத்தொன்பது பேர்.

ஆம்புலன்சுக்கு வழி விடச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. எல்லாச் சாலைகளையும் ஓட்டுகிற ஒருங்கு சாலைமூளை, அவசரக் குறி உள்ள வண்டிக்கு ஒதுங்கத்தான் செய்தது. பிறகு மாப்பிள்ளை அழைப்புக்கு அவசரக் குறி வாங்கினார்கள். தயிர் புளித்துவிடும் என்று தயிர்க்காரர்கள் வாங்கினார்கள். வார்டு உறுப்பினரின் மைத்துனர் வாங்கினார். பத்தில் எட்டு வண்டிக்கு அந்தக் குறி வந்தபின் மூளை அதைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டது.

ஆனால் ஒரு விதியை மட்டும் யாராலும் வளைக்க முடியவில்லை, ஏனென்றால் அது சட்டமல்ல, கணக்கு. எதிரில் இருப்பது அடுத்து என்ன செய்யும் என்று மூளைக்கு எவ்வளவு தெரியாதோ, அவ்வளவு தூரம் விலகும். அந்த இடைவெளிக்கு விலகுவெளி என்று பெயர். அதை மீட்டரில் சொல்கிற எண் புதிர் எண். ஆட்டுக்கு ஆறு. நாய்க்கு நாலு. மாட்டுக்கு ஒன்றரைதான்; நடுரோட்டில் படுத்த மாடு என்ன செய்யும் என்று மூளைக்கு நன்றாகத் தெரியும், ஒன்றும் செய்யாது. பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு மனுஷி வந்தால் பதினொன்று.

பழைய வண்டி என்றால் சும்மா பழையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை பல்லடம் வண்டிச் சந்தைக்குப் போனால் தெரியும். "கேட்டுப் பாருங்க்கா, ஐட்லிங்கே நிக்காது. பிரேக் புடிச்சா எடப்பக்கம் இழுக்கும், சில நாளைக்கு இழுக்காது. பத்து வருசமா வெச்சிருக்கற எனக்கே இன்னும் பயமாத்தான் இருக்குதுங்க்கா," என்று கூவிக் கூவி விற்பார்கள். 'நல்ல கண்டிஷன்' என்ற சொல் யார் வாயிலாவது தவறி வந்துவிட்டால் வாங்க வந்தவர் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். நல்ல வண்டியை வாங்கிக் கெடுத்துக்கொள்ளலாமே என்று முயன்றவர்களும் உண்டு. மூளை நாலே நாளில் கண்டுபிடித்தது. ஆள் வேண்டுமென்று செய்த கோளாறில் அந்த ஆளின் புத்தி இருக்கும்; புத்தியைப் படித்துவிடலாம். தானாகத் தேய்ந்து, தானாகத் துருவேறி வருகிற கோளாறுக்குப் பின்னால் எந்தப் புத்தியும் இல்லை.

வேங்கை 175 அப்படி அசலாகத் தேய்ந்த வண்டி. வயது ஐம்பத்து மூன்று, பூங்கோதை ஐந்தாவது சொந்தக்காரி. கரும்புச் சாராயத்தில் ஓடும்படி யாரோ எப்போதோ மாற்றியிருந்தார்கள். மூன்றாவது கியர் நழுவும். முன்பக்க இடது ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகும். இவை எல்லாம் எப்போது நடக்கும் என்பதற்கு ஒரு நாள் கிழமை கிடையாது.

ஆனாலும் அந்தப் பதினொன்று முழுக்க வண்டியால் வருவது என்று பூங்கோதை நம்பவில்லை. பாதிக்கு மேல் தன்னுடையது என்று நினைத்தாள். வலது தோளைச் சாய்த்துவிட்டு இடது பக்கம் வெட்டுவாள். பார்வையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறு பக்கம் போவாள். சுந்தராபுரம் டீக்கடையில் மற்ற வழிக்காரர்களிடம், "என்ற தோளை இந்த மூளை எட்டு வருசமாப் படிக்குது, இன்னும் முதல் பாடமே முடியல," என்பாள். வீட்டிலும் இதையே சொல்வாள். குழந்தைவேல் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்.

ஆனி மாதம் தாராபுரத்தில் அவள் தம்பி மகளுக்குக் காதுகுத்து. அத்தை இல்லாமல் நடக்காது. குழந்தைவேலுக்கு ஏற்றுமதிச் சரக்கு முடிக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டிலேயே தங்கிவிட்டார். சனிக்கிழமை விடிந்ததும் போனவள் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குத் திரும்பினாள். பையைக் கீழே வைக்கவில்லை, வழிக்காரர் சங்கத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கல்லீரல் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மூன்று நாளாகப் பேய்மாதிரி அடித்ததில் பறவைவண்டிகளை எல்லாம் தரையிறக்கிவிட்டார்கள், சாலைவழிதான். பெறப்போகிறவர் ஒண்டிப்புதூர்ப் பள்ளி ஆசிரியை, யசோதை, முப்பத்து நாலு வயது. பதினொன்று நாற்பதுக்குள் பெட்டி திருச்சி சாலை மருத்துவமனைக்குள் இருக்க வேண்டும். ஒத்தக்கால்மண்டபத்தில் வேன் பத்து ஐம்பதுக்கு வந்து நிற்கும். கூட்டத்தோடு வந்தால் அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம். வழிக்காரி முன்னால் போனால் முப்பது நிமிடம்.

வெளியே வந்து வேங்கையை உதைத்தாள்.

முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

கிளம்பியதோடு நிற்கவில்லை, சீராக ஓடியது. புகை இல்லை. இருமல் இல்லை. பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். குழந்தைவேல் வாசலில் நின்றிருந்தார், அரை நாள் லீவு போட்டுவிட்டு, பரீட்சையில் முதலில் வந்த பிள்ளையைப்போல முகத்தை வைத்துக்கொண்டு.

"என்ன பண்ணுனீங்க?"

பதினேழு வருடத்தில் முதல் முறையாக அவர் ஒரு வாக்கியத்தைத் தானே முடித்தார். அது நீளமான வாக்கியம். "ஜெட்டைக் கழட்டிக் கழுவி, பிளக்கை மாத்தி, டைமிங் பாத்து, கியர் பொட்டியப் பிரிச்சு மூணாவது கியரு பல்லை நம்ம கம்பெனி லேத்துலயே புதுசாக் கடைஞ்சு போட்டு, ஃபோர்க்குக்கு ஆயில் சீல் மாத்தி, செயினை டைட் வெச்சு, கம்பெனி நேரம் போக ரண்டு ராத்திரியும் முழிச்சு வேலை புள்ள. கேளு, எப்படி ஓடுது பாரு!"

"அய்யோ மாமா..."

"நீ ஊருக்குப் போனதும் வீடு அமைதியாயிருச்சு. சும்மா நிக்கற வண்டியப் பார்த்தேன். மனசு கேக்கல."

"நம்பரு போயிருமே! தொடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டனே!"

குழந்தைவேல் உண்மையிலேயே குழம்பிப் போனார். "நம்பரு உன்னுதுன்னு நீதான புள்ள சொல்லுவ? தோளுன்னு?"

பூங்கோதை ஹெல்மெட்டை மாட்டினாள். கோபம் பொங்கியது. அதை அவர்மீது இறக்குவதா தன்மீது இறக்குவதா என்று முடிவு செய்ய நேரம் இல்லை. மணி பத்து இருபது. அடுத்த வழிக்காரர் மேட்டுப்பாளையத்தில் இருந்தார்.

"நானும் பின்னாடி உக்காந்து வாரேன். லோடுல சத்தம் எப்படியிருக்குதுன்னு..."

"கேக்கோணும். ஏறித் தொலைங்க."

ஒத்தக்கால்மண்டபம் போய்ச் சேருவதற்குள் 11 என்பது 8 ஆகியிருந்தது. மூளை பழைய ஞாபகத்தை ஒரே அடியாகத் தூக்கி எறிவதில்லை. பார்க்கப் பார்க்கத் திருத்திக்கொள்ளும். எட்டு போதும், எட்டு போதும் என்று சொல்லிக்கொண்டே பூங்கோதை வேனுக்கு முன்னால் போய் நின்றாள். வேனில் சுபைதா என்ற செவிலி இருந்தாள். இருவரும் பலமுறை சேர்ந்து ஓடியவர்கள்.

"ரெடிங்களாக்கா? என்ன இன்னிக்கு வண்டி சத்தமே காணோம்?" என்ற சுபைதாவின் குரல் பூங்கோதையின் ஹெல்மெட்டுக்குள் கேட்டது.

"பொறவு சொல்றேன். ஒட்டி வா."

மலுமிச்சம்பட்டி தாண்டும்போது 5. வேங்கை அருமையாக ஓடியது, சும்மா சொல்லக் கூடாது. கையை முறுக்கினால் முறுக்கிய அளவுக்குப் போனது. பிரேக்கைத் தொட்டால் நேராக நின்றது. முதுகுக்குப் பின்னால் குழந்தைவேல், "ஆகா, மூணாவது கியரக் கேட்டியா?" என்றார். அவள் பல்லைக் கடித்தாள். 4 ஆனது. 3 ஆனது. அப்போது ஒரு தயிர் வண்டி அலட்டிக்கொள்ளாமல் அவளுக்கும் வேனுக்கும் நடுவில் நுழைந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

"அக்கா! எடம் விட மாட்டேங்குது! என்னாச்சு?"

பூங்கோதை தன் வித்தைகளை எல்லாம் எடுத்தாள். வலது தோளைச் சாய்த்து இடது பக்கம் வெட்டினாள். இடது பக்கத்துத் தன்னோட்டி அவள் வெட்டுவதற்கு முன்பே, தேவையான அளவு, ஒரு சாண் நகர்ந்திருந்தது. சட்டென்று வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்ததும் கூடவே குறைத்தது. பாம்பாக வளைத்து ஓட்டினாள். சுற்றியிருந்த வண்டிகளும் அவளோடு சேர்ந்து வளைந்தன, ஒன்றும் உரசவில்லை. அவள் தோளை மூளை என்றோ படித்து முடித்திருந்தது. எட்டு வருடமாக அது ஒதுங்கி நின்றது அடைத்துக்கொண்ட ஒரு ஜெட்டுக்கும் பல் போன ஒரு கியருக்கும்தான். பூங்கோதைக்கு அவமானமாக இருந்தது. பயம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

திரையில் 1 எரிந்தது. இரண்டு பக்கமும் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இரும்புச் சுவர்கள் ஓடின. மணி பதினொன்று ஆறு.

"அக்கா, டாக்டர் கேக்கறாங்க," என்றாள் சுபைதா. குரல் மாறியிருந்தது. "டீச்சரை மேசையில படுக்க வெச்சுத் தொறந்தாச்சாமா. இனி அவங்க நம்மளத்தான் நம்பிக் கெடக்கறாங்க."

பூங்கோதைக்கு அந்த ஆசிரியையின் முகம் தெரியாது. தெரியாத முகம் ஒன்று கண்ணை மூடிப் படுத்திருப்பது மட்டும் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஹெல்மெட்டுக்குள் துடைக்கவும் வழியில்லை.

பின்னாலிருந்து குழந்தைவேல் அவள் தோளைத் தொட்டார். "நான் என்ன சொல்றேன்னா..."

"பிளக்கைப் புடுங்கி எறியலாம்பீங்க. வேணுமின்னு பண்ணுனா மூளைக்குத் தெரிஞ்சிரும். சும்மா வாங்க!"

"அதில்ல புள்ள. நான் ஓட்டட்டுமா?"

பதினேழு வருடத்தில் தப்பாக முடித்தோம் என்று அவளுக்கே தெரிந்த முதல் வாக்கியம் அது.

குழந்தைவேல் ஒரு நாளும் வண்டி ஓட்டியவரல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே மனிதர்கள் ஓட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. வழிக்காரர்களுக்கு மட்டும்தான் உரிமம். வேங்கையின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு சாலையில் போவது எப்படி என்று அவர் கைக்குத் தெரியாது. சைக்கிள்கூட ஏறியதில்லை.

ஈச்சனாரிக்குச் சற்று முன்னால் ஓரமாக நிறுத்தினாள். உரிமம் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியும். இறங்கி, பின்னால் ஏறிக்கொண்டாள்.

"மொதல்ல கிளட்ச்சை..."

"தெரியும் புள்ள. எத்தனை கிளட்ச்சைப் பிரிச்சுப் போட்டுருக்கேன்."

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி உதைத்தார், முதல் உதையிலேயே பிடித்தது, அவர் கைவேலை. இந்த முறை வேங்கை கோணலாகக் கிளம்பிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. திரையில் 1 அணைந்தது. வெறும் கோடு ஒன்று மினுங்கியது. பிறகு ஒரு எண் வந்தது: 31.

சாலை திறந்துகொண்டது. எட்டு வருடத்தில் பூங்கோதை அப்படி ஒரு விலகுவெளியைப் பார்த்ததில்லை. தன்னோட்டிகள் நடைபாதையில் ஏறின. சில கல்யாண மண்டபத்துக்குள் போய் நின்றன. குழந்தைவேல் இடது பக்கம் போக நினைத்து வலது பக்கம் போனார். வலது பக்கம் போக நினைத்து மரத்தைப் பார்த்துப் போனார். "முருகா, முருகா," என்று கத்திக்கொண்டே, வேகத்தைக் குறைக்க எந்தப் பக்கம் முறுக்க வேண்டும் என்பது தெரிந்தும் கை கேட்காமல், மூன்றாவது கியரிலேயே அலறவிட்டுப் போனார். அடுத்த நொடி என்ன செய்வார் என்று மூளைக்குத் தெரியவில்லை. பூங்கோதைக்கும் தெரியவில்லை. அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒட்டி வாரேன்! போகச் சொல்லுங்க!" என்றாள் சுபைதா.

உக்கடம் மேம்பாலம் காலியாகக் கிடந்தது. மருத்துவமனை வாசலில் வேன் நின்றபோது பதினொன்று முப்பத்தாறு. குழந்தைவேலுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. செம்பருத்தி வேலிக்குள் புகுந்த பிறகுதான் வண்டி நின்றது. சுபைதா நீலப் பெட்டியோடு உள்ளே ஓடுவதை, இலைகளுக்கு நடுவில் கிடந்தபடி இருவரும் பார்த்தார்கள்.

யசோதை டீச்சர் பிழைத்துக்கொண்டார். ஆவணியில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்.

விசாரணை போக்குவரத்து அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர், சலிப்புதான் கொஞ்சம் அதிகம். "உங்க உரிமத்தை ரத்து பண்ணறேன்மா. பண்ணாட்டியும் உங்க நம்பர் ஒண்ணு. மாட்டைவிடக் கம்மி. ஓட்டி என்ன பண்ணப் போறீங்க?" என்றார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குழந்தைவேலைப் பார்த்தார். "இவருக்கு மூளை தானாவே ஒரு கோப்பு தொறந்துருக்குது. முப்பத்தொண்ணு. மாநிலத்துலயே இப்ப இதுதான் ஒசத்தி. மருத்துவமனைக்காரங்க மனு மேல மனுவாப் போடறாங்க."

தற்காலிக உரிமம் கொடுத்தார்கள், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, அனுபவமுள்ள ஒருவர் எப்போதும் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவதை அதிகாரி பூங்கோதையின் முகத்துக்கு நேராகச் சொன்னார். "அவருக்கு ஒண்ணும் சொல்லித் தரக் கூடாது. கிளட்ச்சும்பீங்க, பிரேக்கும்பீங்க, ரண்டு நாள்ல உங்களாட்டவே ஓட்டுவாரு. உங்களை மூளைக்கு மனப்பாடம். வாயே தொறக்கக் கூடாது."

அப்படித்தான் பூங்கோதை பின்சீட்டுக்கு வந்தாள். முதல் வாரம் நாக்கு உள்ளே புண்ணாகிவிட்டது. அத்தனை தடவை கடித்திருந்தாள். சிவப்பு டிராக்டரைப் பார்த்தால் அவர் காரணமில்லாமல் மெதுவாகப் போவார். பாலத்தின் மேல் வேகம் எடுப்பார். ஏன் என்று கேட்டால்கூடச் சொல்லித் தந்த கணக்கில் வந்துவிடுமோ என்று அவள் கேட்கவில்லை.

எண் இறங்கத்தான் செய்தது. 31 என்பது பத்தாம் நாள் 26. இருபதாம் நாள் 22. மூளை தன் வேலையைச் செய்தது. இந்த வேகத்தில் போனால் தை மாதம் அவரும் மாட்டுக் கணக்குக்கு வந்துவிடுவார் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

நாற்பதாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து காலி வண்டியாகத் திரும்பும்போது, திரையில் 17. உக்கடத்தில் வீட்டுப் பக்கம் போகாமல் குழந்தைவேல் பெரியகுளத்துக் கரைமேல் வண்டியை ஏற்றி நிறுத்தினார். எதற்கென்று பூங்கோதைக்குப் புரியவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கோழிகள் தலையை ஆட்டிக்கொண்டு நீந்தின. ஆகாயத்தாமரை ஓரமாக ஒரு நாரை நின்றது.

"இங்க வருவீங்களா?"

"வேலைக்குப் போறப்ப தெனமும் இங்க எறங்கி அஞ்சு நிமிசம் நிப்பேன். கலியாணத்துக்கு மின்னாடியிருந்தே."

"எங்கிட்டச் சொன்னதே இல்லையே?"

"சொல்ல ஆரமிச்சேன் புள்ள. ரண்டு மூணு தடவை." அவர் குரலில் குறை எதுவும் இல்லை, பம்பில் என்ன கோளாறு என்று எழுதுகிறவரின் குரல். "'உக்கடம் கொளத்துல'ன்னு ஆரமிப்பேன். 'கொசுத் தொல்லைம்பீங்க'ன்னு நீ முடிச்சுருவ. சரி, கொசுவும் இருக்கத்தான இருக்குதுன்னு விட்டுருவேன்."

பூங்கோதைக்கு ஒரு சாண் இடைவெளியில் ஓடிய அந்த இரும்புச் சுவர்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவளுக்கு அது பத்து நிமிடம், அவருக்குப் பதினேழு வருடம். எதையாவது சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தாள். என்ன சொன்னாலும் அதுவும் தன் பேச்சாகவே இருக்கும் என்று தோன்றியதால் சும்மா இருந்தாள்.

வேங்கை ஐட்லிங்கில் சீராக நின்றது. அவர், "நான் என்ன சொல்றேன்னா..." என்றார்.

அவள் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். காத்திருந்தாள். நாமக்கோழி ஒன்று முங்கிப் போய் வேறு இடத்தில் எழுந்தது. கரையில் நடக்கிறவர்கள் இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். அவள் இன்னும் காத்திருந்தாள், வேறு யாருக்கும் இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

குழந்தைவேல் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில், ஈச்சனாரியில் முதல் முறை ஹேண்டில்பாரைப் பிடித்தபோது இருந்த அதே திகில் இருந்தது.

"மீதி என்னன்னு தெரியல புள்ள," என்றார். "இதுக்கு மேல நான் போனதே இல்ல."